துப்பறிதலும் அற்புதமும்: ஒருவகைப் புனைகதையைக் குறித்துச் சில சிந்தனைகள்

இறையியல் ஏட்டில் துப்பறியும் கதைகளைக் குறித்து ஆராய்வது தகுமோ என வாசகர் சிலர் ஐயுறலாம். இவ்விலக்கிய வகையை இங்கிலாந்தில் வளர்த்தோர் யாவர் என்பதை நினைவுகூர்ந்தால் அவ்வையம் தணியும். ஆறு துப்பறியும் நாவல்களை எழுதிய ரொனால்ட் நாக்ஸ் ஒரு குருவானவர். திருமறையை இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர். டொரத்தி சேயர்ஸ் அம்மையார், எழுத்தாளரின் படைப்புத் தொழிலை உவமையாகக் கொண்டு திரியேகத்துவத்தை விளக்கும் நூலை 1941இல் வெளியிட்டவர். ஜி. கே. செஸ்டர்ட்டன் படைத்த துப்பறிவாளரோ ஒரு குருவானவரே. குற்றம் யாது, அதை அறிவது எவ்வாறு, அறிந்தபின் குற்றவாளியை என் செய்வது ஆகிய வினாக்கள் இவர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. அவை நம்முடைய வினாக்களும் ஆகும்.

துப்பறியும் கதை அனைத்தையும் ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. மந்திரமும் தேவதூதரும் விந்தை உலகங்களும் இடம்பெறும் மாயப் புனைகதையோடு கொலையும் புலனாய்வும் கலந்து வரும் நாவல்களை மட்டுமே கருதுகிறோம். இக்கலப்பு எளிதன்று. துப்பறியும் கதை, உலகம் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டது, சான்றுகளைக் கொண்டு உண்மையை அறியலாம் என்னும் நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. மாயப் புனைகதையோ அவ்வொழுங்கிற்கு அப்பாலும் ஒன்று உண்டென்கிறது. இவ்விரண்டும் ஒரே நூலில் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கக்கூடுமோ? நிற்குமாயின், வாசகனுக்கு அதனால் விளையும் பயன் யாது?

1. நாக்ஸின் விதி

1929இல் வெளிவந்த கதைத் தொகுப்பு ஒன்றின் முன்னுரையில் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். இயற்கைக்கு மேற்பட்ட ஆற்றல்கள் எவற்றிற்கும் கதையில் இடமில்லை என்பது அவற்றுள் இரண்டாவது. அடுத்த ஆண்டு இலண்டனில் தோன்றிய துப்பறியும் எழுத்தாளர் கழகம் செஸ்டர்ட்டனைத் தன் முதல் தலைவராகக் கொண்டது. அதில் சேர்வோர், தம் கதைகளில் தெய்வ வெளிப்பாட்டையோ தற்செயலையோ துணைக்கொண்டு முடிச்சை அவிழ்ப்பதில்லை என்று வாக்குறுதி கொடுக்கவேண்டும். பிரசங்க பீடத்தில் தெய்வ வெளிப்பாட்டைப் போதிக்கும் ஒருவர் கதையில் அதற்குத் தடை விதிப்பது நகைப்பிற்கு இடமளிக்கலாம். நாக்ஸும் சற்று நகைச்சுவையோடுதான் எழுதினார். ஆயினும் இவ்விதியின் அடியில் ஓர் அறநெறி உண்டு. அதைக் காணத் திருச்சபையின் வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டவேண்டும்.

1692ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் ஊரில், பில்லிசூனியக் குற்றம் சாட்டப்பட்ட பலர் விசாரிக்கப்பட்டனர். இன்னாருடைய உருவம் ஆவியாய்த் தோன்றி எம்மை வதைத்தது என்று சிலர் கூறியதை நீதிமன்றம் சான்றாக ஏற்றுக்கொண்டது. அவ்வுருவைச் சொன்னவரையன்றி வேறெவரும் காணவியலாது. அந்நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்று நிலைநாட்டினாலும் பயனில்லை. ஆவிக்குத் தூரம் ஏது? 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் பரோஸ் என்னும் போதகர். வழக்கிற்கு உடன்பட மறுத்த முதியவர் ஒருவர் பாரக் கற்களின்கீழ் நசுக்கப்பட்டு இறந்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் இன்க்ரீஸ் மாதர் என்னும் போதகர், இத்தகைய சான்றைக்கொண்டு ஒருவரையும் தண்டிக்கலாகாது என்றும், குற்றமற்ற ஒருவர் மடிவதினும் ஐயத்திற்குரிய பதின்மர் தப்புவது நன்று என்றும் எழுதினார். அம்மாதத்திலேயே ஆளுநர் அந்நீதிமன்றத்தைக் கலைத்தார்.

நாக்ஸின் விதியைச் சேலத்தின் ஒளியில் வாசிக்கும்போது அது விளையாட்டு விதியாக மட்டும் தோன்றுவதில்லை. பிறரால் சோதித்தறிய இயலாத அற்புதத்தைக்கொண்டு ஒருவனைக் குற்றவாளி எனத் தீர்ப்பது அநீதி. கதையில் அது வாசகனை ஏமாற்றுதல். வாழ்வில் அது கொலை. மாயமும் துப்பறிதலும் கலந்த நாவல் எதுவாயினும் இந்த முதற்சோதனையில் அது தேறவேண்டும்.

2. தானியேலும் சாம்பலும்

இக்கலப்பு புதியதன்று. தள்ளுபடி ஆகமங்களில் தானியேலைச் சார்ந்த பகுதிகளை நம் மாணவர் வாசித்திருப்பர். சூசன்னாளின் சரித்திரத்தில் பொய்ச்சாட்சிகளாகிய மூப்பர் இருவரையும் தானியேல் தனித்தனியே விசாரிக்கிறான். எந்த மரத்தின்கீழ் அவளைக் கண்டீர் என்னும் ஒரே வினாவிற்கு இருவரும் வெவ்வேறு மரங்களைக் கூறி அகப்படுகின்றனர். பேல் தெய்வத்தின் கதையில், படைக்கப்பட்ட உணவை விக்கிரகமே உண்கிறதென்று அரசன் நம்புகிறான். தானியேல் கோயில் தரையில் சாம்பலைத் தூவிக் கதவை முத்திரையிடச் செய்கிறான். மறுநாட் காலையில் பூசாரிகள், அவர்தம் மனைவியர், பிள்ளைகள் ஆகியோரின் அடிச்சுவடுகள் சாம்பலில் பதிந்துள்ளன. சேயர்ஸ் அம்மையார் 1928இல் தொகுத்த துப்பறியும் கதைத் தொகுதியில் இவ்விரண்டையும் சேர்த்தமை பொருத்தமே.

அதே ஏட்டின் பிற்பகுதியையும் நாம் நோக்கவேண்டும். சிங்கக் கெபியில் இருக்கும் தானியேலுக்கு உணவு கொடுப்பதற்காக, ஆபகூக் தீர்க்கதரிசியைத் தூதன் தலைமயிரைப் பிடித்து யூதேயாவிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுசெல்கிறான். பொய் அற்புதத்தைச் சாம்பலால் தகர்த்த அதே கதை மெய் அற்புதத்திற்கு இடங்கொடுக்கிறது. பூசாரிகளின் குற்றத்தை வெளிப்படுத்தத் தூதன் வரவில்லை. அதற்குச் சாம்பலும் ஒரு மனிதனின் அறிவும் போதும். பசித்திருப்பவனுக்கு உணவு கொண்டுவரவே தூதன் வருகிறான். அற்புதம் கதையில் எவ்வேலையைச் செய்கிறது என்னும் வினாவை இவ்வேட்டிலிருந்து நாம் பெற்றுக்கொள்ளலாம். இனி நாம் காணும் நாவல்களையும் அவ்வினாவைக்கொண்டே ஆராய்வோம்.

3. சட்டத்திற்கு உட்பட்ட மந்திரம்

அமெரிக்க எழுத்தாளர் ராண்டல் காரெட் தம் டார்சி பிரபு கதைகளில் ஒரு மாற்றுலகைப் படைத்தார். அங்கே சிங்க நெஞ்சன் எனப்பட்ட ரிச்சர்டு மன்னன் 1199இல் இறக்கவில்லை. அவன் மரபினரே இருபதாம் நூற்றாண்டிலும் ஆள்கின்றனர். பௌதிக அறிவியலின் இடத்தில் மந்திரக்கலை விதிகளோடு வளர்ந்திருக்கிறது. மந்திரம் பயில்வோருக்குத் திருச்சபையின் உரிமம் வேண்டும். 1966இல் தொடராக வெளிவந்து அடுத்த ஆண்டு நூலான ‘மந்திரவாதிகள் மிகப் பலர்’ என்னும் நாவலில், மந்திரவாதிகளின் மாநாடு நடைபெறும் இலண்டன் விடுதி ஒன்றின் பூட்டிய அறைக்குள் கொலை நிகழ்கிறது. டார்சி பிரபுவுக்கு மந்திர ஆற்றல் கிடையாது. அவருடைய துணைவராகிய ஷான் என்னும் மந்திர வல்லுநர், நம் காலத்து ஆய்வுக்கூட வல்லுநர் செய்யும் பணியையே செய்கிறார். அவர் தரும் முடிவுகளைக் கோத்து உண்மையை அறிவது டார்சியின் பகுத்தறிவே.

நாம் கூறிய முதற்சோதனையில் காரெட் முழுமையாகத் தேறுகிறார். மந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை வாசகனுக்கு முன்னரே அறிவிப்பதால் ஏமாற்று இல்லை. ஆவி சொன்னதென்று எவரும் தூக்கிலிடப்படுவதுமில்லை. ஆயினும் இங்கே ஓர் இழப்பும் உண்டு. முற்றும் விதிகளுக்கு உட்பட்டுவிட்ட மந்திரம் மற்றொரு தொழில்நுட்பமே. திருச்சபை உரிமம் வழங்கும் அலுவலகமாய் நிற்கிறதேயன்றி, எவரையும் முழங்காற்படியிடச் செய்வதில்லை. கொலைகாரன் இன்னானென்று அறிந்ததும் எல்லாம் முடிந்துவிடுகின்றன. நேர்த்தியான இக்கதைகளை நாம் மகிழ்ந்து வாசிக்கலாம். குற்றவாளியைக் குறித்து ஒரு கண்ணீரும் அவற்றில் இல்லை என்பதையும் கூறவேண்டும்.

இக்குறை காரெட்டுக்கு மட்டும் உரியதன்று. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் எழுதிய கட்டுரையில் துப்பறியும் கதையின் உள்ளியல்பை இறையியல் நோக்கில் ஆராய்ந்தார். ஏதேன் போன்ற அமைதியான ஒரு சூழலில் கொலை நிகழ்கிறது. எல்லாரும் ஐயத்திற்கு உள்ளாகின்றனர். இறுதியில் ஒருவன் குற்றவாளியெனக் காணப்பட, மற்றவர் குற்றமற்றோராய் மீள்கின்றனர். மீண்டும் ஏதேனுக்குள் புகுந்துவிட்டதாக வாசகன் கனவு காண்கிறான் என்பது அவர் கருத்தின் சாரம். குற்றத்தை ஒருவன் தலைமேல் சுமத்தி நாம் தூய்மையாகிவிடுகிறோம். லேவியராகமத்துப் போக்காட்டை இது நினைவூட்டுகிறதன்றோ?

4. வேடத்தின் பின்னே குற்றமற்றோர்

இக்கனவைக் கலைத்தவர் செஸ்டர்ட்டன். 1908இல் வெளிவந்த ‘வியாழனாக இருந்த மனிதன்’ என்னும் அவர்தம் நாவலில், சைம் என்னும் கவிஞன் இரகசியக் காவலனாகி, அரசையும் ஒழுங்கையும் அழிக்க முயலும் எழுவர் குழுவிற்குள் நுழைகிறான். குழுவினர் வாரத்தின் நாட்களைத் தம் பெயர்களாகக் கொண்டவர், தலைவன் ஞாயிறு. கதை வளர வளர, குழுவினர் ஒவ்வொருவராக மாறுவேடத்திலிருந்த காவலர் என்பது வெளியாகிறது. வழக்கமான கதையில் நல்லோரிடையே மறைந்துள்ள தீயவன் கண்டுபிடிக்கப்படுவான். இங்கோ தீயவராய் அஞ்சப்பட்டோரிடையே நல்லோரே காணப்படுகின்றனர். ஒருவரையொருவர் பகைவரென எண்ணி நடுங்கியது வீண் என்றாகிறது.

எஞ்சுவது ஞாயிறு யார் என்னும் முடிச்சு. அவர்களை இருட்டறையில் காவலராக நியமித்தவனும், அழிவுக் குழுவின் தலைவனாய் அவர்களை அச்சுறுத்தியவனும் ஒருவனே என்று அறியும்போது, துப்பறியும் வினா மனிதனை விட்டுக் கடவுளை நோக்கித் திரும்புகிறது. எம்மை ஏன் இவ்வாறு வதைத்தீர் என்று காவலர் வினவுகின்றனர். முந்திய ஆண்டில் யோபின் புத்தகத்திற்கு முன்னுரை எழுதியவர் செஸ்டர்ட்டன் என்பதை இங்கே நினைவுகூரலாம். யோபுக்குப் போலவே இவர்களுக்கும் விளக்கம் கிடைப்பதில்லை. நீர் எப்போதேனும் பாடுபட்டதுண்டோ என்று சைம் கேட்க, மாற்கு 10ஆம் அதிகாரத்தில் செபெதேயுவின் குமாரரிடம் ஆண்டவர் பாத்திரத்தைக் குறித்துக் கேட்ட வினாவே விடையாக ஒலிக்கிறது.

திருமறையில் பவுல் அப்போஸ்தலர் கூறும் இரகசியம் என்னும் சொல்லை நாம் இவ்விடத்தில் நினைக்கவேண்டும். ஒருவகை இரகசியம் வெளிப்பட்டவுடன் மறைந்துபோகும். பூட்டிய அறையின் சூழ்ச்சி தெரிந்தபின் அதில் வியக்க ஒன்றுமில்லை. பவுல் கூறும் இரகசியமோ வெளிப்படுத்தப்பட்ட பின்னும் ஆழங்குன்றாதது. செஸ்டர்ட்டன் முதல்வகையில் தொடங்கி இரண்டாம்வகையில் முடிக்கிறார். எனினும் நாவலின் இறுதிப் பகுதி துரத்தல்களாலும் வேடிக்கைகளாலும் நெரிசலுற்று, விருந்துக் காட்சியின் கனத்தைத் தாங்கத் திணறுகிறது. மேலும் இதில் கொலையுண்டோர் எவருமில்லை. குற்றம் மெய்யாகவே நிகழ்ந்திருந்தால் என் செய்வது என்னும் வினா இன்னும் எஞ்சி நிற்கிறது.

5. கொலைகாரன் சரணடைதல்

அவ்வினாவை நேர்முகமாய் எதிர்கொண்டவர் சார்ல்ஸ் வில்லியம்ஸ் (1886–1945). ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பல்லாண்டு பணியாற்றியவர், ஆங்கிலிக்கன் திருச்சபையினர், 1930களில் பத்திரிகைகளுக்குத் துப்பறியும் நாவல்களை மதிப்பிட்டு எழுதியவர். ஆதலின் அவ்வகையின் நெளிவு சுளிவுகளை நன்கறிவார். 1930இல் வெளிவந்த ‘வானத்தில் யுத்தம்’ என்னும் நாவலின் பெயர் வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு பதிப்பக அலுவலகத்தில் மேசையின்கீழ் ஒரு பிணம் கிடக்கிறது. ஏறத்தாழ அதே வேளையில், ஆண்டவர் இராப்போசனத்தில் பயன்படுத்திய பாத்திரம் ஃபார்டில்ஸ் என்னும் சிற்றூர் ஆலயத்தில் உள்ளதென்று அச்சுப்படி ஒன்றின் வாயிலாகத் தெரியவருகிறது. அவ்வாலயத்தின் குருவானவராகிய ஆர்ச்டீக்கன் ஜூலியன் டாவனன்ட் அதைப் பாதுகாக்க முயல்கிறார். பதிப்பக உரிமையாளரின் தந்தையும் சாத்தான் வழிபாட்டினனுமாகிய கிரகோரி பெர்சிமன்ஸ் அதைக் கவர முயல்கிறான்.

கொலைகாரன் கிரகோரியே என்பதை வாசகன் வெகு முன்னரே அறிந்துவிடுகிறான். துப்பறியும் கதையின் மரபுப்படி இது பெருங்குறை. வில்லியம்ஸ் வேண்டுமென்றே இவ்வாறு செய்கிறார். யார் செய்தான் என்னும் வினாவை விரைவில் முடித்துவிட்டு, செய்தவன் என்ன ஆவான் என்னும் வினாவை அவர் வளர்த்துச் செல்கிறார். ஆய்வாளர் கோல்க்குஹூனின் விசாரணை தன் போக்கில் நடைபெறுகிறது. தூதரோ தரிசனமோ அவருக்குத் துப்புக் கொடுப்பதில்லை. நாக்ஸின் விதியை வில்லியம்ஸ் மீறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இறுதியில், பாத்திரத்தின் காவலராகிய பிரஸ்டர் ஜான் என்பவரைச் சந்தித்தபின், கிரகோரி தானே காவலரிடம் சென்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அற்புதம் இங்கே சான்றாக வரவில்லை; மனந்திரும்புதலின் வாயிலாக வருகிறது. தூக்குமரத்திலிருந்து அவனை அது விடுவிப்பதுமில்லை. சட்டத்தின் தண்டனையும் கிருபையின் வாசலும் அவன்முன் ஒருங்கே நிற்கின்றன.

நாவலின் இடையில் வரும் நிகழ்ச்சி ஒன்றை அருள்பணியாளர் அனைவரும் சிந்திக்கவேண்டும். கிரகோரியின் சூழ்ச்சியால் பார்பரா என்னும் இளந்தாய் சித்தங்கலங்கி வதைபடுகிறாள். பாத்திரத்தைக் கொடுத்தால் அவளைக் குணப்படுத்துவோம் என்று பகைவர் பேரம் பேசுகின்றனர். அதைக் காக்க உயிரையும் கொடுக்கத் துணிந்த தோழர் திகைத்து நிற்க, ஆர்ச்டீக்கன் கொடுக்க உடன்படுகிறார். எத்துணைப் பரிசுத்தமான பொருளும் துன்புறும் ஓர் ஆளுக்கு மேலானதன்று என்பது அவர் துணிபு. 136ஆம் சங்கீதத்தின் பல்லவியை எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் அம்முதியவரிடம் வீரத்தின் ஆரவாரம் சிறிதுமில்லை. பொருளைத் தேடுவதே நோக்கமாகிய கதையில், தேடிய பொருளைக் கைவிடுவதே பரிசுத்தத்தின் அடையாளமாகிறது.

குறைகளையும் மறைத்தலாகாது. வில்லியம்ஸ் ஒருகால் மறைஞானக் குழு ஒன்றில் உறுப்பினராயிருந்தவர். சடங்குகளையும் களிம்புகளையும் அவர் வருணிக்கும்போது, தீமையின் மீதுள்ள அருவருப்பினும் அதன் மீதுள்ள ஈர்ப்பே மிகுந்து காணும் இடங்கள் உண்டு. இதனினும் பெரிய குறை, கிரகோரியின் கூட்டாளிகளை ஒரு யூதனாகவும் ஒரு கிரேக்கனாகவும் படைத்தமை. அந்நியனே அழிவின் தூதன் என்னும் அக்காலத்து இழிந்த எண்ணம் இதில் படிந்துள்ளது. ஆங்கிலேயனாகிய கிரகோரி மனந்திரும்பக்கூடியவன். மனாசேக்கு அவ்வாய்ப்பு இல்லை. நூல் வெளிவந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய யூதருக்கு நேர்ந்ததை அறிந்த நாம் இதைப் பொறுத்துக்கொண்டு வாசிக்கலாகாது. எல்லாருக்கும் உரிய கிருபையைப் பாடும் கதையே ஓர் இனத்தின் தலைமேல் பழியை ஏற்றுவது, ஆடன் சுட்டிய நோய் எத்துணை ஆழமானது என்பதைக் காட்டுகிறது.

6. காணாதிருக்கும் பழக்கம்

இவ்வகை நாவல் அண்மைக் காலத்திலும் வளர்ந்துவருகிறது. சைனா மியேவில் 2009இல் வெளியிட்ட ‘நகரமும் நகரமும்’ என்னும் நாவல் சமய நோக்கோடு எழுதப்பட்டதன்று. ஆயினும் நாம் அதைப் புறக்கணித்தலாகாது. ஐரோப்பாவின் ஓர் ஓரத்தில் இரு நகரங்கள் ஒரே நிலப்பரப்பில் அமைந்துள்ளன. ஒரே தெருவில் நடந்தாலும் ஒரு நகரத்தார் மற்ற நகரத்தாரைக் காணலாகாது. கண்ணிற் பட்டாலும் காணாதவராகவே கடந்துபோகச் சிறுவயது முதல் பயிற்றப்படுகின்றனர். மீறுவோரை ஒரு மறைவான அதிகாரம் தண்டிக்கும். கொலையுண்ட அந்நிய மாணவி ஒருத்தியின் வழக்கை ஆராயும் ஆய்வாளர் போர்லு இவ்வெல்லையைக் கடக்க நேர்கிறது.

இந்நூலில் மந்திரம் ஏதும் வெளிப்படையாக இல்லை. இரு நகரங்களையும் பிரித்து நிறுத்தும் பெருமாயம், மாந்தர் ஒருவரையொருவர் காண மறுக்கும் பழக்கமே. லூக்கா 10ஆம் அதிகாரத்து ஆசாரியனும் லேவியனும் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப்போயினர். இந்நகரத்தாரோ கண்டதையே தமக்கு மறைத்துக்கொள்கின்றனர். செஸ்டர்ட்டனும் பிரௌன் குருவானவர் கதைகளுள் ஒன்றில், எல்லார் கண்முன்னும் வந்துபோன தபாற்காரனை எவரும் ஓர் ஆளாக எண்ணாததால் கொலை மறைந்துநின்றதைக் காட்டியிருக்கிறார். மியேவிலின் நூலில் மன்னிப்பைக் குறித்தோ மீட்பைக் குறித்தோ நாம் எதுவும் எதிர்பார்க்க இயலாது. ஆயினும் குற்றம் கொலைகாரனோடு நின்றுவிடவில்லை, அதை மறைத்துவைக்கும் கண்களிலும் உண்டு என்பதை அது ஐயமறக் காட்டுகிறது.

7. நம் பணிக்கு இவை கூறுவன

பிரௌன் குருவானவர் தம் முறையின் இரகசியத்தை 1927ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியிடுகிறார். கொலைகாரனை வெளியிலிருந்து ஆராயாமல், அவன் உள்ளத்தினுள் தம்மை வைத்து, தாமும் அக்குற்றத்தைச் செய்யக்கூடியவர் என்று உணரும்வரை சிந்திப்பதே அம்முறை. துப்பறிவாளரின் முறையாகச் சொல்லப்பட்டாலும் இது போதகருக்கு உரிய முறை. சபையில் ஒரு தவறு நிகழும்போது அதை ஆராயவேண்டுவது கடமை. தானியேலைப் போலச் சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கவும், சாம்பலைத் தூவவும் நாம் அஞ்சலாகாது. தரிசனத்தில் கண்டேன், ஆவியானவர் எனக்குக் காட்டினார் என்று ஒருவர் பெயரைக் குறிப்பிடும் குற்றச்சாட்டு வரும்போது, சேலத்தின் தூக்குமரத்தை நினைந்து அதைச் சான்றாக ஏற்க மறுப்பதும் நம் கடமையே.

குற்றவாளி அறியப்பட்டவுடன் துப்பறியும் கதை முடிந்துவிடலாம். போதகரின் பணி முடிவதில்லை. தவறியவனைச் சுட்டிக்காட்டிய ஆறுதலில் சபையார் வீடு திரும்பும்போது, ஆடன் கூறிய பொய் ஏதேனுக்குள் நாம் அவர்களை அனுப்பிவிடுகிறோம். அவன் அறிக்கையிடுவதற்கு ஓர் இடத்தையும், அறிக்கையிட்டபின் நிற்பதற்கு ஓர் இடத்தையும் சபை வைத்திருக்கவேண்டும். துன்புற்றோருக்கு நீதி கிடைக்கச் செய்வதும் அதனோடு சேர்ந்ததே. கிரகோரி ஆலயத்தோடு நின்றுவிடாமல் காவலரிடமும் சென்றான் என்பதை மறவாதிருப்போம்.

சேலம் வழக்குகளில் தீர்ப்பளித்த நீதிபதிகளுள் சாமுவேல் சீவல் என்பவர் 1697ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர ஆலயத்தில் ஓர் உபவாச நாளில் எழுந்து நின்றார். நிகழ்ந்த குற்றத்தின் பழியையும் வெட்கத்தையும் தாம் ஏற்பதாக அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் போதகர் வாசிக்கும் வரையில் அவர் சபையின் முன் நின்றுகொண்டே இருந்தார். அவரை எவரும் துப்பறிந்து பிடிக்கவில்லை. நம் இறையியல் மாணவர் இந்நாவல்களை வாசிக்கையில் இவ்வரலாற்றையும் அருகில் வைத்து வாசிப்பாராக. கொலைகாரன் யார் என்னும் ஆவல் கடைசிப் பக்கத்தில் தணிந்தபின், அறிக்கையிட எழுந்து நிற்கும் ஒருவருக்குத் தம் சபை என்ன செய்யும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பது நன்று.